மரியநாயகி அடுக்கிய படை

மரியநாயகி கன்னத்துக்குப் பவுடர் பூசும் தூரிகையால் குதிரைகளுக்குத் தூசு தட்டிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் நீளக் குதிரைகள், ஈயத்தில் வார்த்தவை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆளின் கையிலும் ஊசியளவு வாள். வாளில் பிடித்துத் தூக்கினால் முறிந்துவிடும். ஆகவே குதிரையின் வயிற்றுக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்து, முட்டை எடுப்பதுபோல் எடுத்து, நாலு பக்கமும் தட்டி, கேக் சுடும் தட்டத்தில் வரிசையாக வைத்தாள்.

இது அவளுடைய வேலை இல்லை. அவளுடைய வேலை என்னவென்று பராமரிப்பு ஏஜென்சி கொடுத்த தொலைபேசியில் இருந்தது. கணேசலிங்கம், வயது எண்பத்தொன்று, செவன் கிங்ஸ். காலை நாற்பத்தைந்து நிமிடம்: கழுவித் துடைத்தல், உடுப்பு மாற்றல், குளிசை, சாப்பாடு. மாலை அரை மணித்தியாலம். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த நீலக் கோப்பில் அவருடைய மகள் றூபினி தன் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தாள்: முன் அறை மேசையில் இருப்பவற்றை யாரும் தொடக்கூடாது. ஏழு மாதமாக மரியநாயகி தொடவில்லை.

ஆனால் கணேசலிங்கம் ஐயா நெஞ்சுச் சளிக்காக ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த இடைவெளியில், அவர் பிடித்து நடப்பதற்கென்று முன் அறைச் சுவரில் கைபிடி பூட்ட ஒரு ஆள் வந்தான். துளைத்தான், பூட்டினான், போய்விட்டான். மேசையை மூட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சுவர்ச் சுண்ணாம்பு முழுவதும் படையின் மேல் இறங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை வீட்டைத் துப்புரவாக்க வந்த மரியநாயகி அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். நாளைக்கு ஐயா வருகிறார். நடக்கவே தெம்பில்லாத மனுசன் வந்ததும் வராததுமாக இதையா பார்க்க வேண்டும்?

அவள் எல்லாவற்றையும் எடுத்துத் தட்டினாள். பச்சைத் துணியைப் பின்வளவுக்குக் கொண்டுபோய் உதறினாள். பிறகு திரும்ப அடுக்கினாள்.

எந்த இடத்தில் எது நின்றது என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. வருடக்கணக்கில் நின்றதால் துணியில் ஒவ்வொரு காலடிக்கும் ஒரு வெளிறிய புள்ளி இருந்தது. நடுவில் மாமூட்டை ஏற்றிய வண்டி, இரண்டு கோவேறு கழுதை, கொடி பிடித்தவன், மேளக்காரன், தொப்பி கழற்றிய ஒரு அதிகாரி. அவர்களைச் சுற்றி நாலு பக்கமும் சிவப்புச் சட்டைக் காலாட்கள், நாற்பத்தெட்டுப் பேர். அதற்கு வெளியே, மேசை விளிம்புவரைக்கும், குதிரைகள்.

முகம் எந்தப் பக்கம் என்பதைப் புள்ளிகள் சொல்லவில்லை. அதை அவளுடைய கைகள் தாமாக முடிவு செய்தன. பங்குக் கோயிலில் கிறிஸ்து பிறப்புக்கு நத்தார்க் குடில் கட்டுவது பதினாலு வருடமாக அவளும் கோயில் சிநேகிதி கிளறிற்றாவும்தான். வைக்கோல் போட்டு, கழுதையையும் மாட்டையும் நிறுத்தி, இடையர்களைச் சுற்றிவர வைத்து, தூரத்தில் ஒட்டகங்களோடு ராசாக்களை வைக்கிற கை அது. குடிலில் யார் எங்கே நின்றாலும் பார்ப்பது நடுவைத்தான். பாலனுக்கு முதுகு காட்டி ஒரு ஆடு நின்றால்கூடக் கிளறிற்றா விடமாட்டாள். காலாட்கள் நாற்பத்தெட்டுப் பேரும் வண்டியையும் கழுதையையும் பார்த்து நின்றார்கள். குதிரைகளும் நடுவையே பார்த்தன. எட்டி நின்று பார்த்தபோது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. கேக் தட்டத்தைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

ஓடுவது என்பது அவளுக்குப் பேச்சுக்குச் சொல்வதல்ல. ஒரு நாளில் ஏழு வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் நடப்பதற்கு ஏஜென்சியின் தொலைபேசியில் ஐந்து நிமிடம்தான் இருக்கும். உண்மையான தெருவில் பதினெட்டு நிமிடம் இருக்கும். ஐம்பத்து நாலு வயது. மன்னாரில் இருந்து இந்தியா முகாம், அங்கிருந்து ஒல்லாந்து, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று இரண்டாயிரத்து நாலில் லண்டன். ஒல்லாந்தில் பூக்கட்டும் தொழிற்சாலை. இங்கே முதலில் சாப்பாட்டுக்கடை, பிறகு பள்ளிக்கூடக் குசினி, கடைசியாக இது. பிள்ளைகள் இருவரும் படித்து, கலியாணம் கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுக்கிறார்கள். புருசன் சவிரிமுத்து பார்சல் வான் ஓடினவர்; இடுப்பு நாரி பிடித்ததில் இருந்து வீட்டில். மூட்டு வலிக்கு அவள் பூசும் மருந்தும் அவருடைய நாரிக்குப் பூசும் மருந்தும் ஒரே குழாய்தான்.

போன வருடம் அவளுக்கு ஒரு எழுத்து எச்சரிக்கை வந்திருந்தது. இல்ஃபோர்டில் ஒரு கிழவியின் கால் நகத்தை வெட்டினதுக்கு. பராமரிக்கப் போகிறவர்கள் நகம் வெட்டக்கூடாது, அதற்கென்று படித்த ஆள் வரவேண்டும் என்பது சட்டம். அந்த ஆள் ஐந்து மாதமாக வரவில்லை. நகம் வளைந்து சதைக்குள் போய்க்கொண்டிருந்தது. வெட்டினாள். இனி ஒன்று நடந்தால் வேலை இல்லை என்று அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் தடித்த எழுத்தில் இருந்தது.

அந்த மேசையில் நின்ற சண்டையை ஐயா அவளுக்குத் துண்டுதுண்டாகச் சொல்லியிருந்தார்; கால் வீக்கத்துக்கான இறுக்கமான காலுறையை அவள் மாட்டும்போது ஒரு துண்டு, குளிசை தொண்டையில் இறங்கும்வரைக்கும் ஒரு துண்டு. அவள் பாதியைக் கேட்பாள், பாதியில் நேரத்தைப் பார்ப்பாள். ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தெட்டு, கார்த்திகை மாதம். ஜேர்மனியில் லிண்டன்பாக் என்று ஒரு ஊர். நானூற்றெண்பது காலாட்கள் மாவண்டிகளோடு ஆற்றுப் பாலத்துக்குப் போகவேண்டும். நாலு மைல் வெட்டை. ஒதுங்க ஒரு மரம் இல்லை. எதிரி ஆயிரத்துக்கு மேல் குதிரை.

"அப்ப ஓடியிருப்பினம்," என்றாள் அவள் ஒருநாள், குதிக்காலில் காலுறையை இழுத்தபடி.

"அதுதான் இல்லை. ஓடினால் குதிரைக்காரனுக்குச் சுகம். இவங்கள் வண்டியைச் சுத்திச் சதுரமா நிண்டு, அப்பிடியே நடந்தாங்கள். குதிரை வந்தால் நிக்கிறது. முன் வரிசை முழங்காலில, துவக்கு நுனியில கத்தி. கிட்ட வருமட்டும் சுடுறதில்லை. குதிரைக்குப் புத்தி இருக்கு பிள்ளை, கத்தியில போய் விழாது, விலத்திப் போயிடும். போனால் திரும்ப நடக்கிறது. காலமை பத்து மணியில இருந்து பொழுதுபடுமட்டும். ஏழு தரம்."

"கடைசியில வெண்டவங்களோ?"

"வெண்டதெண்டு சொல்ல ஏலாது. பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தாங்கள். அவ்வளவுதான்."

"இதுக்கோ ஐயா இவ்வளவு பெரிய மேசை?"

அவர் சிரித்தார். அறுபத்தொன்பதாம் ஆண்டு லண்டனுக்குப் படிக்க வந்து, கவுன்சிலின் வரைபடப் பகுதியில் முப்பது வருடம் இருந்தவர். அங்கே பக்கத்து மேசை லெஸ்லி என்ற வெள்ளைக்காரன்தான் அவரைப் புதன்கிழமைகளில் ஒரு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். பொம்மைப் படைகளை வைத்துப் பழைய சண்டைகளைத் திரும்ப நடத்துகிற கூட்டம். எல்லாரும் பெரிய பெரிய சண்டைகளைப் பிடித்துக்கொள்ள, இவர்கள் இருவரும் யாரும் கேள்விப்படாத லிண்டன்பாக்கைப் பிடித்தார்கள். பதினொரு மாரிகாலம் இருந்து வண்ணம் பூசினார்கள். லெஸ்லி செத்துப்போனான். மண்டபத்துக்காரர் எல்லாரும் செத்துப்போனார்கள். ஐயாவின் மனைவியும் ஆறு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார்; மேசையில் ஒருநாளும் மனுசர் சாப்பிட விடவில்லையே என்பதுதான் அவருடைய கடைசிக்கால முறைப்பாடு.

"கிட்ட வந்து பாரும், பொத்தானுக்குக்கூட வண்ணம் இருக்கு," என்பார் ஐயா.

"சிப்பாயைக் கண்டு பத்தைக்குள்ள ஒளிச்ச சனம் நாங்கள் ஐயா. இப்ப கிட்டப் போய்ப் பொத்தான் பார்க்கச் சொல்லுறியள்."

"இவங்கள் ஒண்டும் செய்ய மாட்டாங்கள் பிள்ளை. இருநூற்றுச் சொச்ச வருசமாச் சம்பளம் இல்லை."

ஆகவே அவள் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை. தூசு தட்டிய செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

புதன் பின்னேரம் ஐயாவை அம்புலன்சில் கொண்டுவந்து பின் அறைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் உச்சத்தில் நின்ற இரண்டு நாள் அவர் தாதிமாரை லெஸ்லி என்று கூப்பிட்டாராம், கட்டிலைச் சுற்றிக் குதிரை நிற்பதாகச் சொன்னாராம். காய்ச்சல் விட்டபிறகு அதை அவரே மற்றவர்கள் வாயால் கேட்டு வெட்கப்பட்டுப்போயிருந்தார். மாலை மரியநாயகி கஞ்சி பருக்கியபோது பகிடி, சிரிப்பு ஒன்றும் வரவில்லை.

வியாழன் பதினொரு மணிக்கு றூபினி வந்தாள். கவுன்சிலில் இருந்து ஒரு பெண்ணும் வந்தாள், கழுத்தில் அட்டை தொங்க, தணிந்த குரலோடு. ஐயா இனித் தனியே இருக்கலாமா, இல்லை பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டுமா என்று பார்க்கிற நாள் அது. ரெய்னர்ஸ் லேனில் தன் வீட்டில் இருந்து ஐந்து நிமிடத்தில் ஒரு இல்லத்தில் றூபினி ஏற்கெனவே ஒரு அறை பார்த்து வைத்திருந்தாள். ஐயா போகமாட்டேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தெளிந்த புத்தியோடு ஒருவர் மாட்டேன் என்றால் அவரை யாரும் கொண்டுபோக ஏலாது. புத்தி தெளிவாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மரியநாயகி குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். முன் அறைக் கதவு திறந்து இருந்தது. ஐயாவை நடைச்சட்டத்தோடு மெதுவாகக் கூட்டி வந்து கதிரையில் இருத்தினார்கள். பிறகு றூபினியின் குரல், ஆங்கிலத்தில், வழமையைவிட மெல்லியதாக.

"இதைப் பாருங்கள். இது அப்பாவின் நாற்பது வருட உழைப்பு. இந்தச் சிவப்புச் சட்டைக்காரரைச் சுற்றி எதிரியின் குதிரைப்படை. அவர்கள் வெளியே பார்த்துத்தான் நிற்கவேண்டும். எப்போதும் அப்படித்தான் நின்றார்கள். இப்போது எல்லாரும் எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே பார்க்கிறார்கள். இந்த மேசையை அப்பாவைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. நேற்று இரவு எழும்பி வந்து செய்திருக்கிறார்."

மரியநாயகியின் கையில் கோப்பை நழுவித் தண்ணீருக்குள் போனது.

கவுன்சில் பெண் ஐயாவிடம் கேட்டாள், நீங்களா இவற்றைத் திருப்பி வைத்தீர்கள் என்று. மரியநாயகி கதவோரம் வந்து பார்த்தாள். ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார். அவருடைய வாய் ஏதோ எண்ணுவதுபோல அசைந்தது.

"இரவு எழும்பினேன்," என்றார். "கழிவறைக்கு. வேறு எங்கே போனேன் என்று எனக்கு நினைவில்லை." பிறகு, இன்னும் தாழ்ந்து, "நானாகத்தான் இருக்கவேண்டும்."

ஆஸ்பத்திரியில் குதிரையைக் கண்ட மனுசன், இதையும் நம்பிவிட்டார். இல்லத்தைப் பற்றி அந்தப் பெண் மெல்லக் கேட்டதும், "மகளுக்கு எது வசதியோ," என்றார். அவள் எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை அறை தயாராகிவிடும் என்றாள் றூபினி. வாசலில் மரியநாயகியைத் தாண்டும்போது, "தாங்ஸ் அன்ரி, எல்லாத்துக்கும்," என்று அவளுடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். மரியநாயகி தலையாட்டினாள். தொலைபேசி அடுத்த வீட்டின் பெயரைக் காட்டி அதிர்ந்துகொண்டிருந்தது.

அன்று மாலை வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் இருந்தபடி சவிரிமுத்துவிடம் சொன்னாள்.

"குடில் மாதிரி வைச்சனியோ?" அவர் நாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லகாலம், நடுவில பாலனை வைக்கேல்லை."

"உங்களுக்குப் பகிடி. அந்த மனுசன் தனக்குப் பைத்தியம் எண்டு நம்பிப்போட்டுது."

"வயசு போனால் எப்பிடியும் இல்லத்திலதான் போய் நிக்கும். இண்டைக்கு இல்லாட்டி அடுத்த மாரிக்கு."

"அது வேற. போறது வேற, பைத்தியமெண்டு போறது வேற."

சவிரிமுத்து அவளுக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "இஞ்ச பார் மரியா. நீ சொன்னால் ஏஜென்சிக்குப் போகும். தொடக்கூடாதெண்டு எழுதியே வைச்சிருந்ததெண்டுறாய். ஏற்கெனவே நகத்துக்கு ஒரு கடிதம் இருக்கு. வேலை போனால் நான் இந்த நாரியோட வான் ஓடுறதோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"முகத்தில எழுதியிருக்கு."

அவள் தேத்தண்ணியைக் குடித்தாள். கால் வலித்தது. ஏழு வீட்டில் ஒரு வீடு குறைந்தாலே சம்பளம் காணாது. இதில் ஏழும் போகும். நாளைக்கு யோசிப்போம் என்று எழும்பினாள்.

வெள்ளி காலை காலுறை மாட்டும்போது சண்டைக் கதை ஒன்றும் வரவில்லை. ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். குளிசையைக் கொடுத்தபோது, "இது எந்தக் குளிசை?" என்று கேட்டார். மூன்று வருடமாக விழுங்குகிற அதே மஞ்சள் குளிசை. அவருக்குத் தெரியும், தெரியும் என்பதை நம்பப் பயம். இனி ஒவ்வொன்றையும் இப்படித்தான் கேட்பார் என்று மரியநாயகிக்கு விளங்கியது.

"ஐயா," என்றாள், முழங்காலில் இருந்தபடியே. "மேசையில ஆக்களைத் திருப்பி வைச்சது நான்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவளுடைய தலையைத் தொடப் போவதுபோலக் கையைத் தூக்கி, தொடாமல் இறக்கினார்.

"நீர் நல்ல மனுசி. ஆனால் இரக்கத்தில பொய் சொல்லாதையும்."

"பொய் இல்லை ஐயா! சுவரில துளை போட்டவன் சுண்ணாம்பை எல்லாம் கொட்டிப்போட்டான். நான் எல்லாத்தையும் எடுத்துத் துடைச்சு வைச்சனான், செவ்வாய்க்கிழமை."

"துடைச்சனீர், சரி. அது ஏன் எல்லாரும் உள்ளுக்குப் பார்க்கினம்? எதிரி வெளியில நிக்க, எந்த மடையன் உள்ளுக்குப் பார்ப்பான்? சின்னப்பிள்ளையும் செய்யாது. மண்டை பழுதான ஆள்தான் செய்யும்."

அவள் எழும்பினாள். முழங்கால் சடக்கென்றது. தொலைபேசியை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிப் போன நத்தாருக்குப் போனாள். குடிலின் படம், கிளறிற்றா ஒரு மூலையில் ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரிடம் நீட்டினாள்.

"இது நான் கோயில்ல கட்டினது. பாருங்கோ."

ஐயா படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். நடுவில் கழுதை. சுற்றிவர இடையர், எல்லாரும் உள்ளே பார்த்து. அதற்கு வெளியே ஒட்டகங்கள், அதுகளும் உள்ளே பார்த்து. படத்தைத் தாழ்த்தி, கதவால் தெரிந்த முன் அறை மேசையைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார்.

முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மரியநாயகி பதறினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமலில் கண்ணீர் வழிந்து, அவள் முதுகைத் தடவித் தண்ணீர் கொடுக்க வேண்டி வந்தது.

"என்ர காலாட்படையை இடையனாக்கிப்போட்டீரே பிள்ளை," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆயிரம் குதிரை வெட்ட வருகுது, இவங்கள் கழுதையைக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறாங்கள்."

"எனக்கென்ன தெரியும் ஐயா? முகம் எங்கையெண்டு நீங்கள் சொல்லேல்லையே."

"ஓம், சொல்லேல்லைத்தான். அது ஆருக்கும் தெரியுமெண்டு நினைச்சன்."

ஐயாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. மடியில் கிடந்த இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"அப்ப எனக்கு ஒண்டும் இல்லை," என்றார்.

"ஒண்டும் இல்லை."

"அந்தக் குளிசை இரத்த அழுத்தத்துக்கு."

"ஓம் ஐயா."

அவள் மேசைப் பக்கம் போனாள், திருப்பி வைப்பதற்கு. அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "தொடாதையும். றூபினி வந்து பார்க்கட்டும். அவளுக்கு நீர் சொல்லவேணும். நான் சொன்னால், அப்பா கதை கட்டுறார் எண்டுவாள்." பிறகுதான் ஏதோ நினைவு வந்ததுபோல அவளைப் பார்த்தார். "உமக்கு இதால கரைச்சல் வருமோ?"

"பார்ப்பம்," என்றாள் மரியநாயகி. நாற்பத்தைந்து நிமிடம் முடிந்து பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை றூபினி வந்தபோது கையில் ஒரு பயணப் பெட்டியும் ஒரு சுருள் வெள்ளை நாடாவும் இருந்தன. நாடாவில் ஐயாவின் பெயர் திரும்பத் திரும்ப அச்சிட்டிருந்தது. இல்லத்தில் உடுப்புகள் மாறிப்போகாமல் ஒவ்வொன்றிலும் வெட்டித் தைக்க வேண்டுமாம். முன் அறையில் ஐயா கதிரையில் இருந்தார். றூபினி மேசை விளிம்பில் நாடாவையும் கத்தரிக்கோலையும் வைத்துவிட்டு, ஐயாவின் சேட் ஒன்றை எடுத்து மடியில் போட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

மரியநாயகி நின்றபடியே சொன்னாள். சுண்ணாம்பு, தூரிகை, கேக் தட்டம், குடில். படத்தையும் காட்டினாள். றூபினி தைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஊசியைச் சேட்டில் குத்தி வைத்தாள்.

"அன்ரி, வியாழக்கிழமை ஏன் சொல்லேல்லை? குசினிக்குள்ளதானே நிண்டனீங்கள்."

"பயம் பிள்ளை. தொடவேண்டாமெண்டு நீங்கள் எழுதியிருந்தனீங்கள். ஏஜென்சி அறிஞ்சால் எனக்கு வேலை இல்லை."

"இப்ப பயம் இல்லையோ?"

"இப்பவும் பயம்தான்."

ஐயாவின் விரல் கதிரைக் கையில் தட்டிக்கொண்டிருந்தது.

"இதை நான் சும்மா வாயால அந்த லேடிக்குச் சொல்ல ஏலாது," என்றாள் றூபினி. "ஈமெயில் போடவேணும். ஆர் செய்தது எண்டு உங்கட பெயர் போடவேணும். அவை கட்டாயம் ஏஜென்சியைக் கேட்பினம்."

மரியநாயகி சவிரிமுத்துவின் நாரியை நினைத்தாள், தடித்த எழுத்தில் இருந்த கடைசி வரியை நினைத்தாள். யோசித்தால் வாய் அடைத்துப்போகும் என்று தெரிந்தது.

"போடுங்கோ," என்றாள். "முழுப்பெயரையும் போடுங்கோ. மரியநாயகி சவிரிமுத்து."

றூபினி தொலைபேசியை எடுத்து எழுதினாள். எழுத்துக்கூட்டி ஒருமுறை கேட்டாள். திரும்ப ஒருமுறை வாசித்துக் காட்டினாள். ஆங்கிலத்தில் எல்லாம் சின்ன விசயம்போல இருந்தது. அனுப்பினாள்.

"நன்றி பிள்ளை," என்றார் ஐயா. அது இருவரில் யாருக்கு என்று தெரியவில்லை. பிறகு மகளைப் பார்த்து நிமிர்ந்து இருந்தார். "அப்ப திங்கட்கிழமை இல்லை."

"அப்பா."

"சொல்லு."

"நான் கிழமைக்கு மூண்டு தரம் ரெய்னர்ஸ் லேனில இருந்து வாறன். நோர்த் சேர்க்குலர் றோட்டில ஒரு மணித்தியாலம், திரும்பிப் போக ஒரு மணித்தியாலம். பிள்ளையள் இரவில என்ன சாப்பிடுதுகள் எண்டே எனக்குத் தெரியாது. போன் அடிச்சால் நெஞ்சு திக்கெண்டுது. வேலையில எனக்கு லீவு இல்லை, முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது."

"எனக்குத் தெரியும்."

"தெரியாது அப்பா."

"தெரியும். உன்னில நான் குறை சொல்லேல்லை." அவர் குரல் உயரவில்லை. "ஆனால் நீ அந்தப் பெண்ணுக்கு அப்பிடிச் சொல்லேல்லை. களைச்சுப்போனன் எண்டு சொல்லியிருந்தால் நான் வேற மாதிரி யோசிச்சிருப்பன். எனக்கு மண்டை பழுது எண்டெல்லோ சொன்னனி. நானும் நம்பிப்போட்டன். ஒரு நாள் முழுக்க, என்ர கையை நானே நம்பேல்லை."

றூபினி மடியில் கிடந்த சேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துப் பட்டிக்குள் பாதி தைத்த நாடாவில் அவருடைய பெயரின் முன்பாதி இருந்தது.

"மண்டை பழுதில்லை எண்டு இப்ப உனக்கும் தெரியும்," என்றார் ஐயா. "இப்ப சொல்லு. நான் போகத்தான் வேணுமோ?"

மரியநாயகியின் தொலைபேசி அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. றூபினி ஊசியைக் கழற்றி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சேட்டை இரண்டாக, பிறகு நாலாக மடித்துப் பெட்டிக்கு மேலே வைத்தாள். பெட்டிக்கு உள்ளே வைக்கவில்லை. கார்த் திறப்பை எடுத்தாள். அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். "யோசிச்சுச் சொல்லுறன் அப்பா," என்றுவிட்டு, பெட்டியைத் தூக்காமல் அறையை விட்டு வெளியே போனாள்.